கால்புட்டியும் நெஞ்சாங்குலையும்

குடியைப் பழித்துத் தமிழில் எழுதுவது புதிதன்று. பொருள் அழியும், மதிப்புப் போகும், மனைவி மக்கள் தெருவில் நிற்பர் என்று வழிவழியாக எழுதி வருகின்றோம். அவையெல்லாம் உண்மையே. ஆனால் இக்கட்டுரை அவற்றை மீண்டும் சொல்ல எழுந்ததன்று. குடித்துத் தெருவில் விழுந்து கிடப்பவனைப் பற்றியதும் அன்று, விழாதவனைப் பற்றியது. நாற்பதைக் கடந்து ஐம்பதை நெருங்கும் அகவையில், ஒழுங்காக வேலைக்குச் சென்று, ஒழுங்காகச் சம்பளம் கொணர்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இரவில் மட்டும் ‘அளவாக’க் குடித்துவிட்டு உறங்கும் நல்லவனைப் பற்றியது.

இந்நல்லவன் படித்தவன், ஆகலின் தன் குடிக்கு ஒரு கரணியமும் வைத்திருக்கின்றான். “சிறிதளவு குடித்தால் நெஞ்சாங்குலைக் குழாய்கள் அடைபடா, இதனை மேலைநாட்டு மருத்துவரே ஆராய்ந்து சொல்லியிருக்கின்றனர்” என்பதே அது. இக்கூற்றை ஆசிரியர் ஓய்வறையிற் கேட்டிருக்கின்றேன். திருமண வீட்டுப் பந்தலின் பின்புறத்தே கேட்டிருக்கின்றேன். வருந்தத் தக்க செய்தி, நம் கூட்டம் முடிந்து சாலையோரம் நின்று பேசுங்கால் நம்மவர் வாயினின்றும் கேட்டிருக்கின்றேன். வெள்ளையன் சொல் ஒன்றைக் கூடத் தமிழிற் கலக்க விடாத நம்மவர், வெள்ளையன் சொன்னதாகிய இவ்வொரு கூற்றை மட்டும் வினாவே எழுப்பாமல் விழுங்கிவிட்டனர்! எனவே இக்கூற்று எங்குப் பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, இப்பொழுது எந்நிலையில் உள்ளது என்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகின்றது.

பூவிருந்தவல்லியினின்று ஆவடிக்குச் செல்லும் சாலையில் உள்ளது எம் பாரிவாக்கம். ஊரும் ஏரியும் வயலுமாயிருந்த இடம். (பாக்கம் என்னும் ஊர்ப்பெயரீறே வாக்கம் எனத் திரிந்தது, வில்லிவாக்கம், புரசைவாக்கம் போல.) இன்று அச்சாலையிற் சரக்குந்துகள் ஓய்வதில்லை. ஆவடிக் கனவூர்தித் தொழிற்சாலைக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் மாறுமுறை வேலைக்குச் சென்று திரும்புவோரும், கிடங்குகளிற் சுமையிறக்குவோரும், ஓட்டுநரும், எம்போலும் ஆசிரியரும் அலுவலரும் வாழும் பகுதி இது. ‘சரக்கு’ என்னும் நல்ல தமிழ்ச்சொல், ஊர்திகள் நிற்கும் இடத்திற் பகலில் ஒரு பொருளும் இரவில் வேறொரு பொருளும் தரும் நிலைக்கு வந்துவிட்டதை எண்ணி நொந்துகொள்வதோடு அதனை விட்டுவிடுகின்றேன். நம் பேச்சு நெஞ்சாங்குலையைப் பற்றியது.

நெஞ்சாங்குலை உடல் முழுமைக்கும் குருதியைத் தள்ளுகின்றது. ஆனால் தன் தசைக்கு வேண்டும் குருதியைத் தன் மேற்புறத்தே படர்ந்துள்ள சில மெல்லிய குழாய்களின் வழியாகவே பெறுகின்றது. அவற்றை ஊட்டுக்குழாய்கள் என்போம். ஒரு வைக்கோல் தாளின் பருமனே உள்ள இக்குழாய்களின் உட்சுவரிற் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து தடிக்கின்றது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தே குருதி உறைந்து குழாயை அடைத்துவிட்டால், அதற்கப்பாலுள்ள தசை குருதியின்றி இறக்கத் தொடங்குகின்றது. இதனைத்தான் மாரடைப்பு என்கின்றோம். அடைபட்ட குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் அறுவை இந்தியாவில் முதன்முதல் வெற்றியுற நிகழ்ந்தது நம் பெரம்பூர்த் தொடர்வண்டித்துறை மருத்துவமனையில், ஆண்டு 1975. ஐம்பது ஆண்டுகளாக நம் பக்கத்து ஊர்களிலேயே இம்மருத்துவம் நடைபெற்று வருகின்றது. ஆயினும் குழாய் ஏன் அடைகின்றது என்னும் அறிவு மட்டும் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. குடித்தால் அடையாது என்னும் பொய் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

இனி அக்கூற்றின் பிறப்பைப் பார்ப்போம். 1926 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த இரேமண்டு பெர்ல் என்னும் அறிஞர், அளவாகக் குடிப்போர் அறவே குடியாதோரைவிட நெடுநாள் வாழ்வதாகத் தம் நூலில் எழுதினார். 1974 இல் கலிபோர்னியாவில் கிளாட்சுகி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், மாரடைப்புற்றோரிடையே குடியாதோர் மிகுந்திருக்கக் கண்டு எழுதினர். 1981 இல் இலண்டன் அரசு அலுவலரை ஆராய்ந்த மார்மட்டு குழுவினரும் ஏறத்தாழ அதனையே சொன்னார்கள். குடியாதார் இறப்பு ஒருபுறம் உயர்ந்தும், மிகக் குடிப்பார் இறப்பு மறுபுறம் உயர்ந்தும், இடையில் அளவாகக் குடிப்பார் இறப்புத் தாழ்ந்தும் ஒரு கிண்ணம்போல் வளைகோடு கிடைத்தது. பின்னர் 1991 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் கொழுப்பும் மிக உண்டும் மாரடைப்பால் குறைவாகவே இறக்கின்றனர், கரணியம் அவர் குடிக்கும் செந்திராட்சைத் தேறலாக இருக்கலாம் என்று சொல்லிற்று. அவ்வளவுதான், அந்நாட்டிற் செந்தேறல் விற்பனை மளமளவென ஏறிற்று. கூற்று உலகைச் சுற்றி வந்து பாரிவாக்கத்தையும் அடைந்தது. வரும் வழியிற் செந்தேறல் பிராந்தியாக மாறிவிட்டது என்பதை ஒருவரும் நோக்கினாரல்லர்!

இவ்வறிஞர்கள் பொய்யுரைத்தனர் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கண்ட எண்கள் உண்மையே. எண்கள் உண்மையாயிருந்தும் முடிவு பிழையாகலாம். அது எவ்வாறு என்பதற்கு ஒரு பள்ளி எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். பள்ளிக்கு நடந்து வருவோர், நடவாது வருவோர் என மாணவரை இரண்டாகப் பிரித்து, யார் கால் வலியது என்று கணக்கெடுத்தால், நடவாதார் கால்களே நலிந்தவை என்று வரும். ஏன்? கால் ஊனமுற்ற பிள்ளைகள் அனைவரும் அப்பிரிவிலன்றோ இருப்பர்! நடவாமையாற் கால் நலிந்ததா, கால் நலிந்தமையால் நடவாராயினரா? 

இதே வினாவைத்தான் 1988 இல் இங்கிலாந்தின் சேப்பர் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் எழுப்பினர். அந்நாட்டின் 24 ஊர்களில், 40 முதல் 59 அகவை வரையுள்ள 7,735 ஆடவரை அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்து வந்தனர். நம் பேச்சுக்குரிய அதே நடுத்தர அகவையர். ‘குடியாதார்’ என்று கணக்கில் வைக்கப்பட்டோருட் பலர், முன்பு குடித்து, நோயுற்று, மருத்துவர் சொல்லாலோ உடல் தாங்காமையாலோ குடியை விட்டவர் என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். நோயாளிகளைக் குடியாதார் பக்கம் சேர்த்துவிட்டுக் குடிப்பவர் நலமாயிருக்கின்றனர் என்பது என்ன கணக்கு? மேலும், அந்நாடுகளில் அளவாகக் குடிப்போர் பெரும்பாலும் செல்வர், நல்ல உணவு உண்போர், உடற்பயிற்சி செய்வோர், ஆண்டுதோறும் மருத்துவரைப் பார்ப்போர். அவர்தம் நெஞ்சாங்குலையைக் காத்தது கிண்ணமா, கிண்ணம் ஏந்திய கையின் செல்வமா?

இதனைப் பிரித்தறிய அண்மையில் ஒரு வழி கிடைத்தது. சீனர் முதலிய கீழைநாட்டாரிற் பலர்க்குப் பிறவியிலேயே உடலிற் குடி செரிப்பதில்லை. சிறிது குடித்தாலும் முகம் சிவந்து குமட்டும். அவர்கள் குடியாமைக்குக் கரணியம் நோயுமன்று, செல்வமுமன்று. பெற்றோர் வழி வந்த மரபுக்கூறு. எனவே அவரையும் பிறரையும் ஒப்பிட்டால் கலப்பற்ற விடை கிடைக்கும். சீனத்தில் ஐந்து இலக்கத்திற்கும் மேற்பட்டோரைப் பத்தாண்டளவு தொடர்ந்த பேராய்வின் முடிவு 2019 இல் வெளிவந்தது. குடி கூடக் கூடக் குருதி அழுத்தமும் மூளைக் குருதிக்குழாய் நோயும் நேராக ஏறின. வளைகோடு இல்லை, கிண்ணம் இல்லை. மாரடைப்பிற்கும் தெளிவான காப்பு ஒன்றும் புலப்படவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு, அது நகைப்பிற்குரியது. ‘நாளும் ஒரு கிண்ணம் நெஞ்சுக்கு நல்லதா’ என்று நேரடியாக ஆராய அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் பத்துக் கோடி டாலர்ச் செலவில் ஒரு திட்டம் வகுத்தது. செலவின் பெரும்பங்கைத் தர முன்வந்தவர் யாவர்? குடிவகை உருவாக்கும் பெருநிறுவனத்தார்! அலுவலர் அவர்களை அணுகிப் பணம் கேட்டதும், நல்லது என்னும் விடையே வருமாறு ஆய்வு வகுக்கப்பட்டிருந்ததும் வெளிப்பட, 2018 இல் அவ்வரசே அத்திட்டத்தை நிறுத்திற்று. பூனையைக் காவல் வைத்துப் பாலை அளக்கச் சொன்ன கதை.

2022 இல் உலக நெஞ்சாங்குலைக் கூட்டமைப்பும், 2023 தொடக்கத்தில் உலக நலவாழ்வு நிறுவனமும் குடியில் ஏதமற்ற அளவு என ஒன்றில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தன. மறுப்பு அறவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2024 இறுதியில் அமெரிக்காவின் அறிவியற் கழகங்கள் அமைத்த குழுவொன்று, அளவாகக் குடிப்போரிடையே இறப்புக் குறைந்தே காணப்படுவதாக மீண்டும் எழுதிற்று. அதே அறிக்கையில் பெண்டிர்க்கு மார்பகப் புற்றுநோய் கூடுவதையும் எழுதிற்று. அறிஞரிடை வழக்கு இன்னும் ஓயவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவ்வழக்கில் நமக்குப் பங்கே இல்லை. ஏனெனில் அவர்கள் பேசும் ‘அளவு’ வேறு. நம்மவர் குடிக்கும் ‘அளவு’ வேறு.

இதனைக் கணக்கிட்டே காட்டுகின்றேன். தாளும் எழுதுகோலும் எடுத்துச் சரிபாருங்கள். குடிவகைகளில் மயக்கம் தரும் பொருளை வெறியம் என்போம். ஆல்ககால் என்று பள்ளிப் பாடநூலில் உள்ளது அதுவே. கடையில் ‘குவாட்டர்’ என்று கேட்டு வாங்கும் கால்புட்டியின் கொள்ளளவு 180 மில்லி. அதன் மேல் ஒட்டிய தாளிலேயே 42.8 விழுக்காடு என்று அச்சிட்டுள்ளனர். அஃதாவது 180 மில்லியில் 77 மில்லி வெறியம். வெறியம் நீரினும் இலேசானது. 77 மில்லியின் எடை ஏறத்தாழ 61 கிராம். உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு குடியளவு என்று கொள்வது 10 கிராம். எனவே ஒரு கால்புட்டி ஆறு குடியளவு! ஒரே வேளையில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை அந்நிறுவனம் ‘ஒருவேளைப் பெருங்குடி’ என்று வகைப்படுத்துகின்றது. அமெரிக்க மருத்துவர் சொல்லும் ஒரு கிண்ணம் 14 கிராம். நம்மவர் ஒரே இரவில் அவர்தம் நான்கு கிண்ணத்தையும் கடந்து குடித்துவிட்டு, ‘நான் அளவாகத்தான் குடிக்கின்றேன், ஒரே ஒரு குவாட்டர்’ என்கின்றனர். ஒன்று என்னும் எண் அவர்களை ஏமாற்றிவிட்டது. முன்பின் அறியாத இருவர் கடைவாயிலிற் காசு சேர்த்து ஒரு கால்புட்டியைப் பகிர்ந்துகொள்ளும் ‘கட்டிங்’ முறையிற்கூட ஆளுக்கு 30 கிராம்; மூன்று குடியளவு. பீர்தானே, அது வெறும் நீர் என்பார்க்கும் ஒரு சொல்: 8 விழுக்காட்டு வலிமையுள்ள 650 மில்லிப் பீர்ப்புட்டியில் உள்ள வெறியம் 41 கிராம்.

நம் இனத்தார் நெஞ்சாங்குலையைப் பற்றித் தனியே கிடைத்துள்ள அறிவு இதனினும் கவலை தருவது. கேரளத்திற் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்று கனடாவிற் பணியாற்றும் சலீம் யூசுப்பு என்னும் மருத்துவர் தலைமையில், 52 நாடுகளின் மாரடைப்பு நோயாளரை ஆராய்ந்த பேராய்வு 2004 இல் வெளிவந்தது. அதனுள் இந்தியா, இலங்கை முதலிய தென்னாசிய நாட்டாரைப் பிரித்தெடுத்து 2007 இல் எழுதினார்கள். முதல் மாரடைப்பு வரும் அகவை பிற நாட்டார்க்குச் சராசரி 58.8, நமக்கு 53. ஏறத்தாழ ஆறாண்டு முந்துகின்றது. ஓய்வு பெறுதற்கு முன்பே, மகள் திருமணத்திற்கு முன்பே, வீட்டுக்கடன் அடைபடுவதற்கு முன்பே! அவ்வாய்விற் பிற நாட்டார்க்குக் குடியால் சிறிது காப்பு இருப்பதுபோல் எண்கள் தோன்றின. தென்னாசியர்க்கு அத்தோற்றங்கூட இல்லை. 2010 இல் இந்தியத் தொழிலக ஊழியரை ஆராய்ந்து எழுதிய மருத்துவர் குழு, நம் நாட்டு ஆடவரிடையே குடிப்பார்க்குக் குழாயடைப்பு நோய் குறையாததோடு கூடியும் இருக்கக் கண்டது. அப்பேராய்வின் தரவுகளினின்றே 2014 இல் வந்த மற்றொரு முடிவு: ஒருவேளையில் ஆறு குடியளவோ மேலோ குடித்தவர்க்கு அடுத்த 24 மணி நேரத்திற்குள் மாரடைப்பு வரும் வாய்ப்புக் கூடுகின்றது, முதியோர்க்கு மிகக் கூடுகின்றது. ஆறு குடியளவு எவ்வளவு என்பதை மேலே கணக்கிட்டுள்ளோம்.

“குடி நற்கொழுப்பை உயர்த்துகின்றதே” என்பார் உளர். உயர்த்துவது உண்மைதான். ஆனால் நற்கொழுப்பை உயர்த்துவது மட்டும் குழாயைக் காக்குமா? அதனைப் பெரிதும் உயர்த்தும் மாத்திரை ஒன்றை மேலைநாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கி ஆய்ந்தது. அதனை உண்டோர் மிகுதியாக இறந்தமையால் 2006 இல் ஆய்வே நிறுத்தப்பட்டது. மறுபுறத்தே குடி செய்யும் கேடுகளைப் பாருங்கள். குருதி அழுத்தத்தை ஏற்றுகின்றது. குருதியில் மிதக்கும் முக்கொழுப்பைப் பெருக்குகின்றது. ஒரு கால்புட்டி 400 கலோரிக்கு மேல் வெற்றெரிபொருளை வயிற்றிற் கொட்டித் தொப்பையாக்குகின்றது. தொடர்ந்து மிகக் குடித்தால் நெஞ்சாங்குலைத் தசையே தளர்ந்து வீங்குகின்றது. கிழமை இறுதியில் ஒரேயடியாகக் குடிப்பார்க்கு நெஞ்சுத்துடிப்பு ஒழுங்கு தவறிப் படபடக்கின்றது. இதனை 1978 இலேயே ‘விடுமுறை நெஞ்சு’ என்று பெயரிட்டு அமெரிக்க மருத்துவர் எழுதியுள்ளனர். குடி தனியே வருவதும் இல்லை. ஊறுகாய், பொரித்த மீன், காரக்கடலை என்று உப்பும் எண்ணெயும் உடன்வரும். பகலில் ஒரு வெண்சுருட்டும் தொடாதவன் கூட இரவிற் கிண்ணத்தின் அருகே நான்கு கொளுத்துவான். புகை ஊட்டுக்குழாயின் முதற்பகை என்பதை யாரும் மறுப்பதில்லை.

இவற்றினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. அதனை எந்த ஆய்வும் எண்ணிக் காட்டத் தேவையில்லை. மாரடைப்பில் உயிர் காப்பது நேரம். குடித்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்தால், அவனும் அதனை நம்புவதில்லை, சூழ இருப்பவரும் நம்புவதில்லை. எம் பகுதியில் ஓட்டுநர் ஒருவர்க்கு ஐம்பது நிறையவில்லை. காரிக்கிழமை இரவு, நெஞ்சு கனக்கின்றது, இடக்கை இழுக்கின்றது என்றார். ‘குடித்த குடிக்கு வளி அடைத்திருக்கும்’ என்று உடனிருந்தோர் சோடா வாங்கிக் கொடுத்தனர். பின் தனியார் மருத்துவமனை ஒன்றிற்குக் கொண்டு சென்றனர். அங்கும் வாய் நாற்றத்தை முகர்ந்துவிட்டு, மயக்கம் தெளியட்டும் என்று ஒரு விசிப்பலகையில் அமர்த்திவிட்டனர். நெஞ்சாங்குலை வரைவு எடுப்பதற்கு முன் மூன்று மணி நேரம் போயிற்று. அவர் அவ்விசிப்பலகையிலேயே சாய்ந்தார். அவர்தம் இறப்பிற்கு மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தனர். அதிற் பிழையில்லை; ஆனால் அவ்வொரு சொல்லுக்குப் பின்னால் கால்புட்டி மறைந்துகொண்டது.

2024 இற் கள்ளக்குறிச்சியிற் கள்ளச்சாராயம் குடித்து அறுபதின்மருக்கு மேல் மாண்டனர். நாடே அதிர்ந்தது, அதிரத்தான் வேண்டும். அச்சாராயத்தைக் கொன்றதாக்கியது மெத்தனால் என்னும் வேறொரு நஞ்சு. அதனைக் கேட்டவர்கள், ‘அரசுக் கடைச் சரக்கில் இந்த இடர் இல்லை’ என்று மனந்தேறினர். ஒரே இரவில் ஓரூரில் இறந்தால் செய்தி; ஊருக்கு ஒருவராக, ஆண்டு முழுதும், வீட்டு வாயிலில் இறந்தால் மாரடைப்பு!

நம் புலவர் நண்பர் சிலர் இவ்விடத்தே இலக்கியத்தைத் துணைக்கழைப்பர். ‘பழந்தமிழர் கள்ளும் நறவும் தேறலும் உண்டவர்தாமே, அதியமான் மறைந்தபோது ஒளவை பாடிய கையறுநிலையிலும் அவன் பகிர்ந்த கள் பேசப்படுகின்றதே, நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடுங்கால் யவனர் கொணர்ந்த தேறலைச் சொல்கின்றாரே’ என்பர். சொல்கின்றார்தாம். உண்டதை உண்டோம் என்று ஒளியாமற் பாடியவர் நம் முன்னோர். நெஞ்சாங்குலைக்கு மருந்தாக உண்டோம் என்று அவருள் ஒருவரும் பாடவில்லை. அப்பொய் இருபதாம் நூற்றாண்டினது.

வேறு சிலர் வள்ளுவரிடம் செல்வர். ‘அளவறிந்து உண்ணச் சொன்னவர் வள்ளுவர், நாங்களும் அளவறிந்தே உண்கின்றோம்’ என்பது அவர் வழக்கு. இதற்கு விடை திருக்குறளின் அதிகார அடைவிலேயே உள்ளது. அளவு பேசப்படுவது தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய மருந்து என்பதில். அங்குப் பேசப்படுவது சோறு. கள்ளைப் பற்றியது தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். அதன் பத்துக் குறளையும் துருவிப் பாருங்கள், அளவு என்னும் பேச்சே இல்லை. அதிகாரப் பெயரும் கள் மிகையுண்ணாமை என்றில்லை. கள்ளுண்ணாமை என்றே உள்ளது. கள்ளுண்பாரை நஞ்சுண்பாரோடு அங்கு ஒப்ப வைக்கின்றார். சோற்றுக்கு அளவு சொன்ன ஒருவர், இரண்டே அதிகாரம் முன்னர்க் கள்ளுக்கு அளவு சொல்லாது விட்டது மறதியாலா?

இதனோடு சேர்த்து, நம் இதழைப் படிப்போர்க்கு உவப்பாயிராத ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். சீமைச் சாராயம் வேண்டா, நம் பனங்கள் போதும், அது தமிழர் உணவு என்னும் குரல் நம்மிடையே எழுகின்றது. 1987 இற் கள் தடைசெய்யப்பட்டதால் பனையேறிகள் பிழைப்பிழந்தனர். சீமைச் சரக்கு விற்கும் அரசு பனைமரத்தின் கீழ் வழக்குப் போட்டது பெருங்கொடுமை. அவர்தம் தொழிலுரிமைக்காக நாம் நிற்பது சரி. அதில் எனக்கு மாறுபாடில்லை. பதநீரும் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் ஊரூராய்ச் செல்ல வேண்டும் என்பேன். ஆனால் கள் புளிக்கப் புளிக்க அதனுள் உண்டாவதும் வெறியமே. ஊட்டுக்குழாய் தன்னுள் வரும் வெறியத்தை, நீ தமிழா அயலா என்று வினவி வழிவிடுவதில்லை. தொழிலுரிமைக்குப் போராடுவது ஒன்று. நெஞ்சுக்கு நல்லது என்பது வேறொன்று. இரண்டனையும் ஒரே முழக்கத்திற் கட்டாதீர்கள்.

அரசைப் பற்றி மிக எழுத வேண்டியதில்லை. 1937 இற் சேலத்திலும் 1948 இல் மாநிலம் முழுதும் மூடிய கடையை 1971 இல் திறந்தார்கள், மீண்டும் மூடினார்கள், 1981 இல் மீண்டும் திறந்தார்கள். 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றிற்று. 2003 இறுதியிற் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பெயரில் எங்கேனும் குடி என்னும் சொல் உண்டா பாருங்கள், வாணிபமாம்! ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாகிய டாசுமாக் என்பதே இன்று பச்சைக் குழந்தையும் அறிந்த சொல். 2023 இல் 500 கடைகளை மூடினர். ஆயினும் 2023-24 நிதியாண்டில் அதனால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி உருபாவுக்கு மேல். இன்று ஐம்பது அகவையுள்ள தமிழன் அக்கழகம் தோன்றுங்கால் பள்ளிச் சிறுவன். அரசே கடை விரித்தபோது முப்பதைத் தொடாத இளைஞன். அவனுடைய ஊட்டுக்குழாயும் அவ்வருவாயும் ஒரே காலத்திற் பருத்து வந்துள்ளன.

அதே அரசு 2023 இல் ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டமும் தொடங்கியது. (நெஞ்சாங்குலை என்னும் சொல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும்.) பெயர் எவ்வாறாயினும் திட்டம் நன்று. மாரடைப்பு ஐயத்தோடு ஊர்ப்புற அரசு நலவாழ்வு நிலையத்திற்கு வருவோர்க்கு, குருதி உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை அங்கேயே முதலிற் கொடுத்துப் பின்னர்ப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் முறை. எனவே நெஞ்சிற் கனமோ இறுக்கமோ தோன்றி, தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத் திணறலும் உடன்வந்தால், குடித்திருந்தாலும் குடியாதிருந்தாலும், சோடாவைத் தேடாமல் 108 ஐ அழையுங்கள். குடித்திருக்கின்றான் என்பதற்காக எவரையும் காத்திருக்க வைக்க விடாதீர்கள். வரைவு எடுக்கச் சொல்லி நின்று கேளுங்கள்.

நாற்பதைக் கடந்தோர் குருதி அழுத்தமும் சருக்கரையும் கொழுப்பும் அளந்து பார்த்துக்கொள்க. மருத்துவரிடம் குடிப்பதை மறைக்காதீர்கள். குருதி உறைவைத் தடுக்க நாளும் உண்ணும் மாத்திரை குடியோடு சேர்ந்தால் வயிற்றிற் குருதி கசியலாம், நெஞ்சுவலிக்கு நாவின்கீழ் வைக்கும் மாத்திரை குடியோடு சேர்ந்தால் அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். இதனைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்த முனைவார்க்கும் ஒரு சொல். எப்பொழுதாவது குடிப்பவர் இன்றே நிறுத்தலாம். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகக் குடித்து வந்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் ஓரிரு நாளில் கைநடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஏதமாகலாம். அவர் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்கு மருத்துவம் உண்டு. 1980 இல் தொடங்கிய அடையாற்றுப் பக்கத்து டி.டி.கே. மருத்துவமனையும் இப்பணிக்கென்றே உள்ளது. மனநல மருத்துவமனை வாயிலிற் போய் நிற்பதா என்று நாணுவோர் எம்மிடம் வரலாம். பாரிவாக்கத்தினின்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே அங்குச் செல்லும் பேருந்தில் உடன்வர நானும் எம் கிளைத் தோழர் இருவரும் ஒப்பியுள்ளோம்.